விண்டோஸ் 10 முடிந்துபோன அலுவலகக் கணினிகள்: லினக்ஸுக்கு மாற்றினால் எங்கே இடிக்கும்?

#1 தோவாளை மேற்கு

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 ஓடு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கிறது, இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை கேட்கிறது. பேரூராட்சி, ஒன்றிய அலுவலகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 4ஆம் தலைமுறை ஐ3 பெட்டிகள் (4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க்) அதில் ஏறாது.

மாதிரிக்கு ஓர் அலுவலகம் வைத்துக்கொள்வோம்: 25 கணினி, 6 பிரிண்டர், 2 ஸ்கேனர், 4 டிஎஸ்சி டோக்கன் (மின் கையொப்பச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி கருவி). மொத்தத்தையும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குக் கொண்டுபோக எந்த வரிசையில் வேலை செய்வது? எது உதைக்கும், ஏன்? லினக்ஸ் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் வேண்டாம், தயவுசெய்து.

#2 களியக்காவிளை

முதலில் பக்கத்து வீட்டைப் பாருங்கள். செக்போஸ்ட் தாண்டினால் கேரளத்துப் பாறசாலை. அங்கே அரசுப் பள்ளி ஆய்வகக் கணினிகள் எல்லாம் லினக்ஸ்தான். ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் 2017இல் கைட் நிறுவனமானது. உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பை அடியாக வைத்துத் தங்களுக்கென்று ஒரு பதிப்பு தயாரித்து அவர்களே வெளியிடுகிறார்கள்.

அது நிலைத்ததற்கு லைசன்ஸ் காசு மிச்சமானது மட்டும் காரணமில்லை. பாடப்புத்தகம் அந்த மென்பொருள்களை வைத்தே எழுதப்பட்டது. பயிற்சி கொடுத்தவர்கள் வெளியாள் இல்லை, ஆசிரியர்களிலிருந்தே எடுத்த மாஸ்டர் டிரெயினர்கள். ஐடி செய்முறைத் தேர்வும் அதிலேயே நடக்கிறது. தேர்வு நடக்கிற கணினியை யாரும் மூலையில் போட்டுவைக்க மாட்டார்கள்.

நம் பக்கத்தில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சிடாக் தயாரித்த பாஸ் லினக்ஸையும் போட்டுக்கொடுத்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் பாஸில் மட்டுமே முடியும் என்று ஒரு வேலைகூட அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் ஓப்பன்ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் வந்ததே 2018இல்தான்.

#3 வடசேரி

பள்ளிக்கூடத்தை அலுவலகத்தோடு சேர்த்துப் பேசாதீர்கள் அண்ணே. பள்ளியில் வருஷா வருஷம் புதுப் பிள்ளை வரும், பழைய கோப்பு கிடையாது. அலுவலகத்தில் 20 வருஷத்துக் கோப்பு இருக்கிறது. தட்டச்சருக்கு விரலில் ஏறிய பழக்கம் இருக்கிறது, கருவூலத்துக்குப் போக வேண்டிய பில் இருக்கிறது.

மூனிச் நகராட்சியை எல்லாரும் மறந்துவிடுகிறீர்கள். 2003இல் முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை லிமக்ஸ் என்ற சொந்தப் பதிப்புக்கு மாற்றி, 2013இல் வேலை முடிந்தது என்றார்கள். 2017இல் திரும்ப விண்டோஸுக்கே போக நகரமன்றம் தீர்மானம் போட்டது. ஜெர்மன்காரனாலேயே முடியாததை ஒரு பேரூராட்சி செய்யும் என்கிறீர்களா?

#4 குளச்சல்

@வடசேரி: மூனிச் கதையின் பாதியைச் சொல்லிவிட்டீர்கள், மற்ற பாதி இது. அங்கே துறைக்கு ஒரு ஐடி பிரிவு, ஒவ்வொன்றும் தனி ராஜாங்கம். திரும்பிப் போவதற்கு முன் நகராட்சியே கேட்டு வாங்கிய ஆலோசனை அறிக்கை, பெரிய சிக்கல் நிர்வாக அமைப்பில் இருக்கிறது என்றுதான் சொன்னது. இயங்குதளம் அதற்குப் பின்னால்தான். மேயர் மாறினார், தீர்மானம் மாறியது. 2020இல் வந்த கூட்டணி, முடிந்த இடமெல்லாம் திறமூலம் (மூலநிரல் திறந்த மென்பொருள்) என்று மறுபடி எழுதிவைத்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: மூன்று மேசைக்கு மூன்று விதமான அமைப்பு வைத்தால் எந்த இயங்குதளமும் நிலைக்காது.

வரிசைக்கு நல்ல முன்மாதிரி பிரான்சின் ஜாண்டார்மரி காவல்படை. 2005இல் விண்டோஸுக்குள்ளேயே ஓப்பன்ஆபிஸ். 2006இல் ஃபயர்பாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்டு அஞ்சல் நிரலும். ஆட்கள் அதில் பழகிய பிறகு, 2008இல்தான் அடியில் உபுண்டுவை நுழைத்தார்கள். மேசையில் தெரிகிற நிரல்கள் அப்படியே இருந்ததால் அடியில் மாறியது பெரிதாக உறுத்தவில்லை. 70,000 கணினிக்கு மேல் அப்படித்தான் ஓடுகிறது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலமும் 2024 முதல் இதே வழியில் போகிறது: ஓப்பன்ஆபிஸின் வழிவந்த லிப்ரெஆபிஸ், மின்னஞ்சல், கடைசியில் இயங்குதளம்.

ஆகவே 25 கணினிக்கும்:

முதல் 3 மாதம் விண்டோஸைத் தொடவே வேண்டாம். இணையத்தைச் சுவரால் மறித்துவிட்டு, லிப்ரெஆபிஸ், ஃபயர்பாக்ஸ், யூனிகோட் (எல்லா மொழிக்குமான பொதுக் குறியீடு) தட்டச்சு மூன்றையும் மட்டும் பழக்குங்கள். இந்தக் கட்டத்தில் முறிவது எதுவோ அதுதான் பிறகும் முறியும். அதை விண்டோஸில் இருக்கும்போதே கண்டுபிடிப்பது மலிவு.

#5 தோவாளை மேற்கு

இணையத்தை மறித்தால் அரசின் மின்கோப்புத் தளமான இ-ஆபிஸ் எப்படி ஓடும்?

#6 குளச்சல்

முழுதாக மறிக்கச் சொல்லவில்லை. ஃபயர்வாலில் அரசுத் தளங்களின் பட்டியலை மட்டும் அனுமதித்து மற்றதை அடைப்பது. திருத்தம் வராத விண்டோஸ் 10இல் யூடியூப் பார்க்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

#7 எழுத்துரு

இயங்குதளம் மாற்றுவது ஒரு நாள் வேலை. வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை மாற்றுவதில்தான் எல்லாத் திட்டமும் கவிழ்கிறது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் அலுவலகங்களில் பழைய கடிதம், படிவம், தீர்மானப் புத்தகம் எல்லாம் வானவில் அவ்வையார் போன்ற 8 பிட் எழுத்துருவில் கிடக்கின்றன. அந்தக் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துக்களின் குறிகளும் 128க்கு மேற்பட்ட குறியீடுகளும்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. இதிலிருந்து வரும் சிக்கல்கள்:

ஒன்று, லிப்ரெஆபிஸில் வானவில் கோப்பைத் திறந்து ஓர் எழுத்தைத் திருத்தினாலே தானியங்கித் திருத்தம் குறுக்கே வரும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும், நேர் மேற்கோளைச் சுருள் மேற்கோளாக்கும். ஆங்கிலத்தில் அது திருத்தம். வானவிலில் அது ஒரு தமிழ் எழுத்தை இன்னொரு எழுத்தாக்குவது. திறப்பதற்கு முன்பே கருவிகள் பட்டியலில் போய் எல்லாத் தானியங்கித் திருத்தத்தையும் அணையுங்கள்.

இரண்டு, எழுத்துரு தேர்வு. வானவில் உரை லிப்ரெஆபிஸின் பார்வையில் மேற்கத்திய உரை. யூனிகோட் தமிழ் சிக்கலான உரை என்ற வேறு பிரிவு. இரண்டுக்கும் இயல்பு எழுத்துரு தனித்தனியாக இருக்கும். மொழி அமைப்பில் சிக்கலான உரைக்கான பெட்டியைத் தேர்ந்து, தமிழ் என்று குறித்து, அதற்கு மருதம் போன்ற ஒரு யூனிகோட் எழுத்துருவைக் கொடுங்கள். இதைச் செய்யாமல் எழுத்துரு மாறவே மாட்டேன் என்கிறது என்று புகார் சொல்வது வழக்கமாக வருவது.

மூன்று, மாற்றிகள். மொத்த உரையையும் நகலெடுத்து மாற்றியில் ஒட்டினால், இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்து தமிழ்க் குப்பையாகும். மாற்றம் எழுத்துருவின் பெயரைப் பார்த்து, துண்டு துண்டாக நடக்க வேண்டும். வேர்டு 2007 முதல் வரும் புது வடிவக் கோப்பு என்பது சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் மூட்டை. உள்ளே ஒவ்வொரு உரைத்துண்டுக்கும் எழுத்துருவின் பெயர் இருக்கும். பழைய வேர்டு கோப்புகளை லிப்ரெஆபிஸின் திரையில்லா இயக்கத்தில் மொத்தமாகப் புது வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பைத்தானில் சிறு நிரல் எழுதினால் போதும்.

அதிலும் இரண்டு குழி. துண்டில் எழுத்துருப் பெயர் இல்லாமல் பத்தியின் பாணியிலிருந்து பெறப்பட்டிருக்கலாம், பாணியையும் தேடுங்கள். அடுத்தது, திருத்தித் திருத்தி எழுதிய கோப்பில் ஒரே சொல் இரண்டு துண்டாகக் கிடக்கும். ஒற்றைக்கொம்பு ஒரு துண்டில், அதன் மெய்யெழுத்து அடுத்த துண்டில். வானவிலில் கொம்பு முன்னால் வரும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். துண்டுகளைத் தனித்தனியாக மாற்றினால் கொம்பு அநாதையாகப் புள்ளிவட்டத்தோடு நிற்கும். ஒரே எழுத்துருவுள்ள அடுத்தடுத்த துண்டுகளை முதலில் இணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

வெறும் உரைக்கோப்பு என்றால் இன்னொன்று. அது விண்டோஸ் 1252 குறியீட்டில் இருக்கும். லினக்ஸ் அதை யுடிஎஃப் 8 என்று நினைத்துத் திறக்கும், 128க்கு மேலுள்ள எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும். அந்த நிலையில் சேமித்தால் போனது போனதுதான். குறியீட்டைச் சொல்லித் திறங்கள்.

#8 தோவாளை மேற்கு

20 வருஷத்துக் கோப்பு அத்தனையையும் இப்படி மாற்றத்தான் வேண்டுமா?

#9 எழுத்துரு

வேண்டவே வேண்டாம். முடிந்துபோன கோப்புகளை எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப்/ஏ (காப்பகத்துக்கான பிடிஎஃப் வகை) ஆக்கி வைத்துவிடுங்கள். அதற்குள் தேட முடியாது, நகலெடுத்தால் குப்பைதான் வரும். ஆகவே கோப்பின் பெயரையும் பொருளையும் யூனிகோடில் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பையும் அழிக்க வேண்டாம்.

மாற்ற வேண்டியது இன்றும் புழங்கும் படிவங்களும் பட்டியல்களும் மட்டும். படிவத்தை மாற்றுவதைவிடப் புதிதாகப் போடுவது எளிது. எழுத்தின் அகலம் மாறுவதால் கட்டங்கள் பிதுங்கும், 1 பக்கம் 2 பக்கமாகும். வார்ப்புருவாக ஒரே இடத்தில் சேமித்து 25 கணினிக்கும் அதையே கொடுங்கள்.

பட்டியல்களில் வேறொரு தொல்லை, வரிசைப்படுத்தல். யூனிகோட் எண் வரிசையில் ந அடுத்து உடனே ன வரும், ர அடுத்து ற, ள அடுத்து ழ. நம் அகர வரிசை அதுவல்ல. வரி செலுத்துவோர் பட்டியலை வரிசைப்படுத்தும்போது மொழியைத் தமிழ் என்று குறித்தால்தான் ன கடைசியில் போகும். தரவுத்தளத்திலும் தமிழ் வரிசை விதியைச் சொல்லியாக வேண்டும்.

தேடலில் ஏமாற்றுவது ஔகாரம். கௌ என்பதைச் சிலர் கெ, ள என்று இரண்டாக அடித்துவைப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. கௌரி என்று தேடினால் பாதிக் கௌரிகள் வரமாட்டார்கள். ஸ்ரீக்கும் இரண்டு விதக் குறியீட்டு வரிசை உண்டு. மாற்றம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே யூனிகோட் இயல்வடிவத்துக்கு (ஓர் எழுத்துக்கு ஒரே குறி வரிசை) கொண்டுவந்து, இந்த இரண்டையும் தனியாகத் தேடித் திருத்துங்கள்.

#10 களியக்காவிளை

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு சேர்க்கை. 1956 நவம்பர் 1 வரை இங்கே திருவிதாங்கூர்-கொச்சி நிர்வாகம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் பழைய நில ஆவணங்களில் மலையாளம் வரும். அதைத் தட்டச்சு செய்து பட்டியலிட்டிருந்தால், மலையாளச் சில்லெழுத்துகளை (உயிர் சேராமல் நிற்கும் மெய்யின் தனி வடிவம்) கவனியுங்கள். 2008இல் யூனிகோட் 5.1 சில்லெழுத்துகளுக்குத் தனி இடம் கொடுத்தது. அதற்கு முன் மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என்று மூன்றாக எழுதினார்கள். இரண்டு முறையும் கலந்து கிடந்தால் தேடல் பாதியை விழுங்கும். எழுத்துருவுக்குக் கவலை இல்லை. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் மீரா, ரச்சனா, மஞ்சரி எல்லாம் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பின் களஞ்சியத்திலேயே உண்டு.

#11 கோட்டாறு சர்வீஸ்

எழுத்து கிழுத்து எல்லாம் சரி மக்களே, பிரிண்டர் ஓடலேன்னா மறுநாளே விண்டோஸ் போடச் சொல்லிருவாவ. அதப் பேசுவோம்.

நம்ம ஊரு ஆபீஸ்ல பாதிக்கு மேல ரெண்டு சாதிதான் உண்டு. ஒண்ணு ஹெச்பி லேசர்ஜெட் 1020, பி1007, பி1008 வகையறா. இதுக்குள்ள நிரந்தரமா ஃபர்ம்வேர் (பிரிண்டர ஓட்டுற உள் நிரல்) கிடையாது. ஒவ்வொரு தடவ ஸ்விட்ச் போடும்போதும் கணினிதான் அனுப்பணும். லினக்ஸ்ல ஹெச்பி பிரிண்டருக்கான ஹெச்ப்ளிப் பொதியோட ஹெச்பி தர்ற பிளகினையும் இறக்கணும். பிளகின் பதிப்பும் ஹெச்ப்ளிப் பதிப்பும் ஒண்ணா இருக்கணும். அப்டேட்ல ஹெச்ப்ளிப் மட்டும் ஏறிச்சுன்னா பிரிண்டர் நின்னுரும், லைட்டு மட்டும் எரியும். அதனால ஹெச்ப்ளிப்ப தானா ஏறாம பிடிச்சு வையுங்க. ஏத்தணும்னா பிளகினோட சேத்து ஏத்துங்க.

ரெண்டாவது கேனான் எல்பிபி 2900. இது கேப்ட்னு அவங்க சொந்த பாஷை பேசும். கேனான் லினக்ஸ் டிரைவர் குடுத்திருக்கான், பழசு. சிசிபிடின்னு ஒரு பின்னணி நிரல் ஓடணும், அது ரெண்டு பிராசஸா ஓடுனாத்தான் அச்சு வரும். ஒண்ணு மட்டும் நின்னா வேலை வரிசையில கிடக்கும், பிழைச் செய்தியும் வராது. கேப்ட்டிரைவர்னு திறமூல மாற்று ஒண்ணு உண்டு, 2900க்கு அது போதும்.

ஆனா 25 கணினியிலயும் இந்தச் சவத்தக் கட்டி அழாண்டாம். ஒரு கணினிய பிரிண்டர் காவல்காரனா வையுங்க. மொரண்டு பிடிக்கிற பிரிண்டர் எல்லாத்தையும் அதுல மாட்டி, கப்ஸ்ங்கற லினக்ஸ் அச்சுச் சேவை வழியா நெட்வொர்க்ல பகிருங்க. மத்த கணினிக்கு அது ஐபிபி (நெட்வொர்க் அச்சுக்கான பொது முறை) பிரிண்டராத் தெரியும், டிரைவரே வேண்டாம். ஃபயர்வால்ல 631 போர்ட்டும், தானா கண்டுபிடிக்கறதுக்கு யுடிபி 5353உம் திறக்கணும். இதத் திறக்காம விட்டுட்டு பிரிண்டர் தெரியலேன்னு சொல்லக் கூடாது.

டாட் மேட்ரிக்ஸ்: எப்சன் ஈஎஸ்சி/பி முறையில பேசுனா ஓடும். 9 ஊசியா 24 ஊசியான்னு பாத்து அதுக்குள்ள டிரைவரப் போடுங்க, மாத்திப் போட்டா எழுத்து நெட்டையாவோ குட்டையாவோ வரும். தொடர்தாளுக்கு அளவ நீங்களே எழுதிச் சேக்கணும். ஏ4ன்னு விட்டா ஒவ்வொரு தாளுக்கும் கொஞ்சம் கொஞ்சமா எறங்கி, பத்தாவது ரசீதுல தலைப்பு நடுவுல வந்து நிக்கும்.

ஸ்கேனர் பெரிசா தொல்லை இல்ல. கேனான் லைட் 110, 120, 210, 220, 300, 400 எல்லாம் சேன்ங்கற லினக்ஸ் ஸ்கேனர் நிரல்ல ஓடும்.

#12 வடசேரி

பெட்டியின் உடல்நிலையையும் சொல்லுங்கள். 4 ஜிபி ராமில் ஃபயர்பாக்ஸ் 10 தாவல் திறந்தால் லினக்ஸானாலும் மூச்சு முட்டும்.

#13 கோட்டாறு சர்வீஸ்

சரியாச் சொன்னிய. ராம் 8 ஜிபி, 240 இல்லேன்னா 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. ரெண்டும் இல்லாம மாத்தவே கூடாது. பழைய ஹார்டு டிஸ்க்ல போட்டுட்டு லினக்ஸ் மெதுவா இருக்குன்னா அது டிஸ்க்குக்க குத்தம். மேசைக்கணினிக்கு 1.5 வோல்ட் டிடிஆர் 3 ராம். 4ஆம் தலைமுறை லேப்டாப்புக்கு 1.35 வோல்ட் எல் வகைதான், மாத்தி வாங்கிட்டு நிக்காதீங்க. திரை முகப்புக்கு எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான நிரல் போதும்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரி கடக்கர ஆபீஸ்னா உப்புக்காத்து ராம் பல்லுல பச்சை பிடிக்க வைக்கும். நிறுவும்போது பாதியில நிக்குதா, ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல பிழை வருதா? ஐஎஸ்ஓவ (நிறுவல் கோப்பு) மறுபடி மறுபடி இறக்காதீங்க. ராமக் கழத்தி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் தொடச்சு, ராமச் சோதிக்கற மெம்டெஸ்ட் ஒரு முழுச் சுத்து ஓட விடுங்க.

பொறவு பலகைக் கடிகாரத்த ஓட்டுற சிமாஸ் பேட்டரி, சிஆர் 2032. 2.8 வோல்ட்டுக்குக் கீழ போச்சுன்னா மாத்திருங்க. 25 கணினிக்கு 25 வாங்கி வச்சிரதுதான் லாபம்.

#14 குளச்சல்

அந்தப் பேட்டரி சின்னப் பொருள், பெரிய குழப்பம். கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போகும். தளத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று உலாவி மறுக்கும். லினக்ஸின் சிஸ்டம்டி நிரல் கடைசியாகத் தெரிந்த நேரத்தை வைத்து ஓரளவு சமாளித்தாலும், டிஎஸ்சி கையொப்பத்தில் தப்பான நேரம் விழுந்துவிடலாம். நேரத்தை நிக் (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு ஒத்திசையுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொடுத்த உத்தரவிலும் அதுவே உண்டு.

ஒரே பெட்டியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் சரியாக 5 மணி 30 நிமிடம் தள்ளிக் காட்டும். விண்டோஸ் பலகைக் கடிகாரத்தை இந்திய நேரமாக நினைக்கும், லினக்ஸ் உலக நேரமாக நினைக்கும். இரட்டை இயங்குதளத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். இன்னொரு காரணம், வேகத் தொடக்கம் இயங்கும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அதன் என்டிஎஃப்எஸ் பகுதியை லினக்ஸ் படிக்க மட்டும்தான் விடும்.

இப்போது டிஎஸ்சி. வரிசையாகச் சோதித்தால் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

முதல் படி, டோக்கனோடு பேசும் பிசிஎஸ்சிடி சேவை ஓட வேண்டும். பிசிஎஸ்சி ஸ்கேன் கட்டளை கொடுத்து டோக்கனைச் செருகினால் ஏடிஆர் என்ற நீள எண் வரிசை வரும். வரவில்லை என்றால் யுஎஸ்பி துளை, டோக்கன், சேவை மூன்றில் ஒன்று.

அடுத்து, டோக்கன் தயாரிப்பாளரின் பிகேசிஎஸ் 11 நூலகம் (நிரல்கள் டோக்கனை அணுக உதவும் கோப்பு). ஈபாஸ் 2003க்கு ஒன்று, புராக்ஸ்கீக்கு வேறொன்று. பிகேசிஎஸ் 11 டூல் கட்டளையால் டோக்கன் செருகிய இடங்களை (ஸ்லாட்) பட்டியலிட்டுப் பாருங்கள். 64 பிட் ஜாவாவுக்கு 32 பிட் நூலகத்தைக் காட்டினால் டோக்கன் இல்லை என்றுதான் சொல்லும்.

பிறகு ஃபயர்பாக்ஸ் அமைப்பில் பாதுகாப்புச் சாதனங்கள் பகுதியில் அந்த நூலகத்தை ஏற்ற வேண்டும். இங்கேதான் உபுண்டு 22.04 முதல் எல்லாரும் மாட்டுவது. அதில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் பொதியாக வருகிறது, அடைப்புக்குள் ஓடுவதால் வெளியே உள்ள நூலகத்தை எட்டாது. மொசில்லாவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து டெப் பொதியைப் போட்டு அதற்கு முன்னுரிமை எண் 1000 கொடுங்கள், இல்லையென்றால் அடுத்த அப்டேட்டில் ஸ்னாப் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். டெபியனில் இந்தத் தொல்லையே இல்லை. அலுவலகத்துக்கு நான் டெபியன் சொல்வதற்குப் பாதிக் காரணம் இது.

கடைசிப் படி, கையொப்பச் சேவை. அது கணினிக்குள்ளேயே ஒரு போர்ட்டில் ஓடி உலாவியோடு பேசும். அதன் சான்றிதழை ஃபயர்பாக்ஸின் சொந்தச் சேமிப்பில் ஏற்க வேண்டும், லினக்ஸில் அமைப்பின் பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது. உங்கள் தளத்தின் கையொப்பச் சேவைக்கு லினக்ஸ் பொதி எந்தப் பதிப்புக்கு உண்டு என்பதை எல்லாவற்றுக்கும் முன் பாருங்கள். இல்லையென்றால் அந்த மேசையை மாற்றாதீர்கள்.

பின் எண்ணைத் தப்புத் தப்பாக அடித்துப் பார்க்க வேண்டாம். டோக்கன் பூட்டிக்கொண்டால் அதிகாரியின் சான்றிதழையே புதிதாக வாங்க வேண்டிவரலாம்.

#15 வடசேரி

இதைத்தான் சொல்ல வந்தேன். கைரேகைக் கருவியும் அப்படியே. கருவியை ஆதாரோடு இணைக்கும் ஆர்டி சேவை நிரலைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் தருகிறார்கள். ஆக்சஸ் தரவுத்தளத்தில் யாரோ எழுதிவைத்துப் போன சொத்துவரி நிரல், மேக்ரோ நிறைந்த எக்செல் சம்பளப் பட்டியல், இவையெல்லாம் லிப்ரெஆபிஸில் பாதி ஓடும் பாதி ஓடாது. பாதி ஓடுவது ஓடாததைவிட ஆபத்து, கூட்டுத்தொகை தப்பினால் தணிக்கையில்தான் தெரியும். அதற்கு யார் பொறுப்பு?

#16 குளச்சல்

நியாயம். 25இல் 3 அல்லது 4 விண்டோஸாகவே இருக்கட்டும். ஆனால் புதிய கணினி வாங்கி விண்டோஸ் 11 போடுங்கள், பழைய 10ஐ இழுத்துக்கொண்டு போக வேண்டாம். கைரேகை, ஆக்சஸ், லினக்ஸ் பொதி இல்லாத டிஎஸ்சி எல்லாம் அங்கே. மேக்ரோ தாள்களை 2 மாதம் இரண்டு பக்கமும் ஓட்டி, கூட்டுத்தொகை கடைசிப் பைசா வரை ஒத்துப்போனால் மட்டும் நகர்த்துங்கள். ஜாண்டார்மரியும் 100 சதவீதம் என்று அடம்பிடித்து உட்காரவில்லை.

பொறுப்பு பற்றி: எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு பெட்டியையும் தொடக்கூடாது. மேலதிகாரி ஒப்புதல், மாவட்டத் தகவலியல் அலுவலருக்குத் தகவல், ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) ஒப்பந்தத்தில் லினக்ஸ் பராமரிப்பு என்று தெளிவாக ஒரு வரி. மத்திய அரசின் திறமூலக் கொள்கை 2015இலேயே வந்துவிட்டது, பாதுகாப்பு அமைச்சகம் 2023இல் உபுண்டுவை அடியாகக் கொண்ட மாயா என்ற இயங்குதளத்தை எடுத்துக்கொண்டது. கோப்பில் முன்னுதாரணம் கேட்டால் இவற்றைக் காட்டலாம். லைசன்ஸில் மிச்சமாகும் பணத்தை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதில்தான் எஸ்எஸ்டி, ராம், பயிற்சி எல்லாம் வர வேண்டும்.

இனிமேல் வாங்கும் பிரிண்டருக்கு டெண்டரில் கம்பெனிப் பெயர் எழுதாமல், ஐபிபி எவ்ரிவேர் (டிரைவர் இல்லாமல் அச்சிடும் தரம்) ஆதரவு வேண்டும் என்று எழுதுங்கள். கோட்டாறு அண்ணாச்சி சொன்ன தலைவலி அடுத்த தலைமுறைக்கு இருக்காது.

#17 தோவாளை மேற்கு

நன்றி. நிறுவுதல்: ஒன்றில் சரியாகச் செய்து, டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்சில்லாவில் 25க்கும் நகலெடுத்தால் போதுமா? பழைய தரவை எப்படி நகர்த்துவது?

#18 குளச்சல்

போதும், ஆனால் நகலுக்குப் பின் மூன்றை மாற்றுங்கள்: கணினியின் பெயர், மெஷின் ஐடி கோப்பு (கணினியின் தனி அடையாள எண்), தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவிகள். மெஷின் ஐடி ஒன்றாக இருந்தால், அமைப்பைப் பொறுத்து, இரண்டு கணினிக்கு ஒரே ஐபி முகவரி கிடைத்து இரண்டும் மாறி மாறி வலையிலிருந்து விழும். கேபிளைக் குறை சொல்லி ஒரு வாரம் போய்விடும். மூலப் பெட்டியில் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிட்டு நகலெடுத்தால் ஒவ்வொன்றும் முதல் தொடக்கத்தில் தனக்கொன்று உருவாக்கிக்கொள்ளும்.

அப்டேட்டுக்கு பிரிண்டர் காவல்காரக் கணினியிலேயே, இறக்கிய பொதிகளைச் சேமித்து மற்றவற்றுக்குக் கொடுக்கும் ஆப்ட்-கேச்சர் வையுங்கள். ஒரு பொதி ஒருமுறைதான் வெளியிலிருந்து இறங்கும்.

32 பிட் பெட்டி ஏதாவது மிச்சமிருந்தால் கழித்துவிடுங்கள். டெபியன் 13இல் 32 பிட் நிறுவலே கிடையாது.

தரவு நகர்த்தும்போது தமிழ்க் கோப்புப்பெயர் சிக்கும். விண்டோஸில் பெயர் 255 எழுத்து வரை போகலாம். லினக்ஸின் எக்ஸ்ட் 4 கோப்பு அமைப்பில் அளவு 255 பைட். யுடிஎஃப் 8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட், ஆக 85 குறிகள்தான். கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் கண்ணுக்கு 50 எழுத்துப் பக்கம் வந்ததும் எல்லை முட்டும். "சிறப்புக் கூட்டத் தீர்மானம் குடிநீர்க் குழாய் பதிப்பு வார்டு 7 திருத்தப்பட்டது இறுதி நகல் இரண்டு" என்று பெயர் வைக்கும் பழக்கம் நம் அலுவலகத்தில் உண்டு. நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை அந்தக் கோப்பை விட்டுவிட்டு, ஓடி மறைகிற பட்டியலில் ஒரு வரி மட்டும் சொல்லும். நகலுக்கு முன்பே 85 குறிக்கு மேற்பட்ட பெயர்களைத் தேடிச் சுருக்குங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்பு எண்ணிக்கையும் செக்சம்மும் (கோப்பின் சரிபார்ப்பு எண்) ஒப்பிடுங்கள். ஒத்துப்போன பிறகும் பழைய டிஸ்கை 6 மாதம் பூட்டிவையுங்கள்.

#19 எழுத்துரு

தட்டச்சர்களை விட்டுவிட்டோம். அரசுத் தட்டச்சுத் தேர்வு எழுதி வந்தவர்களுக்குப் பழைய தட்டச்சுப்பொறி விசைப்பலகைதான் கையில். அவர்களைத் தமிழ் 99 விசைப்பலகைக்கு வற்புறுத்தினால் முதல் வாரத்திலேயே திட்டத்துக்கு எதிரி உருவாகிவிடுவார். லினக்ஸில் தட்டச்சு முறைகளைத் தரும் ஐபஸ் உள்ளீட்டுச் சட்டகத்தில் எம்17என் பொதியைச் சேர்த்தால் தட்டச்சுப்பொறி, தமிழ் 99, ஒலிப்பு முறை மூன்றும் கிடைக்கும். அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள், புதிதாகச் சேர்பவருக்கு மட்டும் தமிழ் 99.

ஒவ்வொருவரும் உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்துப் பார்க்க வேண்டும்: கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ, ஒற்றைக்கொம்பு முதலில் அடிக்கும் சொற்கள், நடுவில் ஆங்கில எண்கள், அழித்தல் விசை. வானவிலில் அழித்தால் ஒரு வடிவம் போகும், இங்கே கொ வில் ஒருமுறை அழித்தால் உயிர்க்குறி மட்டும் போய் க நிற்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிழை என்று நினைக்க மாட்டார்கள்.

#20 கோட்டாறு சர்வீஸ்

தோவாளை, முதல்ல மாத்துறது எந்த மேசைன்னு முடிவு பண்ணியாச்சா? தபால் பிரிவு நல்லது. கடிதம், பதிவேடு, உலாவி, அவ்வளவுதான். கணக்குப் பிரிவக் கடைசிக்கு வையுங்க, மார்ச் மாசம் அந்தப் பக்கமே போகாண்டாம்.

#21 தோவாளை மேற்கு

தபால் பிரிவு 4 கணினி, ஒரு 1020 பிரிண்டர். ஏப்ரல் கடைசியில் தொடங்கலாம் என்று குறிப்பு எழுதுகிறேன். அதற்குள் லிப்ரெஆபிஸ் 25 கணினியிலும் ஏறிவிடும்.

#22 கோட்டாறு சர்வீஸ்

அப்போ 1020க்கு பிளகினக் கோப்பாவே இறக்கி பென் டிரைவ்ல வச்சுக்கிடுங்க. நிறுவுற அன்னைக்குன்னு பாத்து நெட்டு போயிரும்.